ராத்திரி 2 மணிக்கு ஓடும் மாங்காய்க் கணக்கு

கேள்வி (காவேரிப்பட்டணம்):
அப்பாவுக்கு 58 வயசு. நாலு ஏக்கர் பெங்களூரா மா. காய் விலை விழுந்ததிலிருந்து ராத்திரி 2 மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுது. விடியற வரைக்கும் மருந்துக்கடை பாக்கி, சொசைட்டி கடன், மண்டி விலைன்னு அதே கணக்குதான். "நினைக்காம தூங்குப்பா"ன்னா எரிஞ்சு விழறார். மாத்திரை இல்லாம வழி இருக்கா?

பதில் 1 (போச்சம்பள்ளி):
"நினைக்காதே"ன்னு சொல்றதை முதல்ல நிறுத்துங்க. ஒரு நினைப்பை அடக்கச் சொன்னா பின்னாடி அது இன்னும் அதிகமா வரும்னு 1987-லயே டேனியல் வெக்னர்ங்கிற அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் சோதனை பண்ணிக் காட்டிட்டார். கவலையைத் தடுக்க முடியாது. அதோட நேரத்தை மாத்தலாம்.

கவலைப்படறதுக்குன்னே சாயங்காலம் 6 மணி, அரை மணி நேரம், போன்ல அலாரம். தினமும் ஒரே இடம்: திண்ணையோ கிணத்து மேடோ, கட்டில் மட்டும் கூடாது. நோட்டுப் பக்கத்துல நடுவுல கோடு போட்டு, இடது பக்கம் அவர் கையில இருக்கிறது, வலது பக்கம் இல்லாதது. "சொசைட்டி கடன்"னு மட்டும் எழுதினா அது திரும்ப ராத்திரி வரும். "திங்கட்கிழமை செயலாளரைப் பார்த்து தவணைத் தேதி கேட்கணும்"னு ஆள், நாள், வேலை மூணும் இருக்கணும். மாங்கூழ் பேக்டரிக்காரன் என்ன விலை வைப்பான்ங்கிறது வலது பக்கம். எழுதிட்டு அதோட விட்டுடணும். அலாரம் அடிச்சா நோட்டை மூடிடணும், பாதியில இருந்தாலும் சரி. ராத்திரி நினைப்பு வந்தா "இது நாளைக்கு 6 மணிக்கு"ன்னு தள்ளி வைக்கணும்.

கெடறது எங்கேன்னா, படுக்கப் போற நேரத்துல இதைச் செய்றது. இல்லேன்னா குடும்பமே சுத்தி உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொல்றது. அதுக்குப் பேர் பஞ்சாயத்து. ரெண்டு, மூணு வாரமாவது விடாம செய்யணும்.

பதில் 2 (பாலக்கோடு):
மேல சொன்னது சரி, ஆனா கட்டிலையும் கவனிக்கணும். முழிச்சுக்கிட்டே புரண்டு கிடந்தா, கட்டில்னாலே முழிப்புன்னு மூளை பழகிடும். சுமார் 20 நிமிஷம் தூக்கம் வரலேன்னா எழுந்து கூடத்துல மங்கலான வெளிச்சத்துல உட்காரட்டும்; கண்ணு சொக்கினா மட்டும் திரும்பப் போகணும். மணி பார்க்கவே வேண்டாம். பார்த்த உடனே "இன்னும் மூணு மணி நேரம்தான்"னு அடுத்த கணக்கு ஆரம்பிச்சுடும். எந்த நேரம் தூங்கினாலும் காலையில எழுந்திரிக்கிற நேரம் ஒண்ணா இருக்கணும். மதியம் கயித்துக் கட்டில் தூக்கம் இருந்தா 20 நிமிஷத்துக்கு மேல வேண்டாம். எத்தனை மணிக்குப் படுக்கறார், சாயங்காலம் டீ உண்டா?

கேட்டவர்:
8.30-க்கே படுத்துடறார். டீ 7 மணிக்கு. சொல்ல சங்கடமா இருக்கு, இப்பல்லாம் தூக்கத்துக்குன்னு தினமும் ஒரு குவார்ட்டர்.

பதில் 3 (தர்மபுரி):
அப்படின்னா 2 மணி முழிப்புக்குப் பாதி காரணம் அந்த குவார்ட்டராவே இருக்கலாம். சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும். உடம்பு அதைக் கரைச்சு முடிக்கிறப்ப பின்ராத்திரி தூக்கம் உடையும். ஆனா தினமும் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா கை நடுக்கம், வேர்வை, சிலருக்கு வலிப்பு கூட வரும். டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குறைக்கட்டும். மெடிக்கல்ல தூக்க மாத்திரை வாங்கித் தரவே தராதீங்க, சாராயத்தோட சேர்ந்தா மூச்சு அடங்கிடும்.

8.30-க்குப் படுத்தா 2 மணிக்கு அஞ்சரை மணி நேரம் முடிஞ்சிருக்கும். படுக்கையை 10.30-க்குத் தள்ளுங்க. டீயை மதியம் 2 மணியோட நிறுத்துங்க, 7 மணி டீயில இருக்கிற, தூக்கத்தைக் கெடுக்கிற காஃபீன்ல பாதி நடுராத்திரியிலும் உடம்புல நிக்கும். ஒண்ணுக்குப் போகவே எழுந்திரிக்கிறார்னா சர்க்கரையும் பாருங்க.

சாப்பாடு குறைஞ்சு, தோப்புப் பக்கமே போகப் பிடிக்காம ரெண்டு வாரம் இருந்தா அது வெறும் கவலை இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கு. 14416, அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். "நான் இல்லாம போனா கடன் தீரும்"ங்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தா அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க, தனியா விடாதீங்க. பூச்சி மருந்து டப்பாவெல்லாம் இப்பவே வேற வீட்டுல பூட்டி வைங்க.