மலை தந்த பெயரும் வேதாகமம் தந்த பெயரும்

நம் தமிழ்நாட்டுச் சேலத்துக்காரர்கள் வெளிநாட்டில் "சேலம்" என்று சொன்னதும், சூனிய வழக்குகளுக்குப் பேர்போன அமெரிக்கச் சேலம் என்று நினைத்துச் சூனியக்காரி கதையைக் கேட்டவர்களைப் பற்றி நண்பர்கள் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்ப் பெயரை வேறொன்றோடு குழப்பும் அந்த அனுபவம் எனக்கு உள்ளூரிலேயே, ஏற்காட்டிலேயே கிடைத்தது.

கீழே சேலம் தெரியும் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றிருந்தேன். வழிகாட்டி ஒருவர் கல்லூரி மாணவர்களிடம், "ஜெருசலேம் நினைவாக வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்தான் சேலம்" என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணே, அவர்கள் வருவதற்கு முன்பே இந்த ஊருக்குப் பெயர் இருந்தது" என்றேன். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. புதுப் பெயர் சூட்ட வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. காதில் விழுந்ததைத் தங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள்.

மாணவர்களில் ஒருத்தி, "அப்படியென்றால் எதிலிருந்து வந்தது, அண்ணா?" என்று கேட்டாள். கீழே கை காட்டினேன். நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று ஊரைச் சுற்றி மலைகள். சைலம் என்றால் மலை. அதுவே சேலம் ஆயிற்று என்பது ஒரு கருத்து. சேரர் தொடர்பால் சேரலம் என்று இருந்து மருவியது என்பது இன்னொன்று. என் மனம் முதல் கருத்தின் பக்கம்தான். அங்கே நின்று பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வழிகாட்டி கோபப்படவில்லை, "இதையும் சேர்த்துச் சொல்கிறேன் தம்பி" என்றார்.

கடல் தாண்டிய சேலங்களின் கதை வேறு. வேதாகமத்தில் மெல்கிசேதேக்கு என்ற அரசர் ஆண்ட ஊர் சாலேம். அந்தப் பெயரைத்தான் அமெரிக்காவில் குடியேறியவர்கள் போன இடமெல்லாம் வைத்தார்கள். மாசசூசெட்ஸ் சேலம் 1626-இல் தொடங்கிய குடியேற்றம். அந்த மண்ணின் பூர்வகுடிகள் அதை நௌம்கீக் என்றார்கள். ஓரிகான் மாநிலத்தின் தலைநகரமும் சேலம்தான். வட கரோலினாவில் மொரேவியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1766-இல் அமைத்த சேலம், 1913-இல் பக்கத்து ஊரான வின்ஸ்டனோடு இணைந்து வின்ஸ்டன்-சேலம் ஆனது. அங்கெல்லாம் குடியேறியவர்கள் கொண்டுவந்த பெயர் சேலம். இங்கே அது மண்ணிலேயே விளைந்த பெயர். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஆனாலும் மாசசூசெட்ஸ் ஊர்மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. என் அக்கா மகள் அங்கே போயிருந்தாள். 1692 சூனிய வழக்குகளில் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்ட ஊர் என்றுதான் அவளும் நினைத்துப் போனாள். பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் இந்தியப் பொருட்களைப் பார்த்துவிட்டு அன்றிரவே எனக்குப் போன் செய்தாள். அந்த ஊர்க் கப்பல் தலைவர்கள் கிழக்கு நாடுகளோடு வணிகம் செய்து, 1799-இல் சங்கம் அமைத்துச் சேகரிக்கத் தொடங்கியவற்றின் தொடர்ச்சி அது. நகர முத்திரையிலேயே ஆசியர் ஒருவர் நிற்கிறார். "நான் சேலத்துக்காரி" என்று அவள் சொன்னதும், அங்கிருந்த பெண்மணி எந்தத் தெரு என்று கேட்டாராம். நம் சேலத்து அம்மாப்பேட்டை என்றாளாம் இவள்!

உங்களில் யாரிடமாவது தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்களோ ஓலைகளோ இருந்தால், ஊர்ப் பெயர் அவற்றில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஏற்காட்டு மலைக்கிராமங்களைச் சேர்ந்தவர்கள், உங்கள் பெரியவர்கள் கீழே இருக்கும் ஊரை எப்படிச் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள்.