வாடகை அதிகமான சிட்டில படிக்கிறேன், மாசக் கடைசி வரைக்கும் காசு நிக்க மாட்டேங்குது

மாடிப்படி: வணக்கம் மக்களே, மாஸ்டர்ஸ் முதல் செமஸ்டர் போய்ட்டு இருக்கு. ஸ்காலர்ஷிப் செமஸ்டருக்கு ஒரு தடவ மொத்தமா வருது, வீட்டுலேருந்து மாசாமாசம் கொஞ்சம் அனுப்புறாங்க. வாடகையே பாதிக்கு மேல முழுங்கிடுது. வெளில சாப்பிடுறத கிட்டத்தட்ட நிறுத்திட்டேன், அப்பவும் கடைசி வாரம் கை காலி. 50-30-20னு ஒரு கணக்கு சொல்றாங்களே (வர்ற காசுல 50% அவசியச் செலவுக்கு, 30% ஆசைக்கு, 20% சேமிப்புக்கு), அது எனக்கு ஒத்தே வரல. கிரெடிட் கார்டு எடு, பில்லுல முழுசா கட்டாம மினிமம் தொகை மட்டும் கட்டுனா போதும்ங்கறான் ஃப்ரெண்டு. வீட்டுல திரும்பக் கேக்க மனசு வரல, என்ன பண்ணலாம்?

கணக்குப்புள்ள: 50-30-20ய விட்ருங்க, வாடகையே 50ஐத் தாண்டுற ஊர்ல அது வேலைக்கு ஆகாது. ஸ்காலர்ஷிப் வந்த அன்னைக்கே அடுத்த தவணை வர்ற வரைக்கும் எத்தன மாசம்னு எண்ணுங்க, லீவு மாசத்தையும் சேத்து, ஏன்னா லீவுலயும் வாடகை ஓடும். வாடகை, எக்ஸாம் ஃபீஸ், ஊருக்குப் போற டிக்கெட் எல்லாம் முதல்ல எடுத்து வேற அக்கவுண்ட்ல போட்ருங்க. மிச்சத்த வாரக் கணக்கா பிரிச்சு, வாராவாரம் தானா செலவு அக்கவுண்டுக்கு வர்ற மாதிரி பேங்க் ஆப்ல செட் பண்ணிடலாம். மாசக் கணக்குல ஓட்டை இருக்கறது கடைசிலதான் தெரியும், வாரக் கணக்குன்னா ரெண்டு மூணு நாள்லயே தெரிஞ்சிடும்.

நீலக்குடை: தயவுசெஞ்சு அந்த மினிமம் பேச்ச நம்பாதீங்க. மாசம் 3% வட்டின்னா கம்மியா தெரியும், கூட்டு வட்டில வருசத்துக்கு 42%க்கு மேல வந்து நிக்கும். இன்னொன்னு, பாக்கி வச்சிட்டா பல கார்டுல புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லா நாள் கிடையாது, வாங்குன அன்னைலேருந்தே வட்டி ஏறும். ஏடிஎம்ல கார்ட போட்டு கேஷ் எடுத்தாலும் அதே கததான், மேல ஒரு ஃபீஸ் வேற. அதுக்குப் பதிலா காலேஜ் ஆபீஸ்ல ஃபீஸ தவணையா கட்டலாமா, அவசர உதவி நிதி ஏதாவது இருக்கான்னு கேளுங்க. கெடு தேதிக்கு முன்னாடியே போய்க் கேக்கணும், அது முக்கியம். கேக்கறதுல வெக்கப்பட எதுவும் இல்லங்க, அந்த நிதிய உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் வச்சிருக்காங்க.

ரெண்டாம்_பஸ்: சாப்பாட்டுல கை வைக்காதீங்க, உடம்பு போனா படிப்பும் போச்சு. பெரிய செலவு ரூம்தான், அதத்தான் குறைக்கப் பாக்கணும். ஆனா தூரமா சீப்பா கெடைக்குதேன்னு ஓடாதீங்க, வாடகை, பஸ் பாஸ், லேப் முடிஞ்சு ராத்திரி லேட்டானா வண்டிக்காசு எல்லாத்தையும் கூட்டிட்டு அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்க. ரூம் ஷேர் பண்ணா கரண்ட், நெட் வாடகைல சேருமா, காலி பண்ண எத்தன நாள் முன்ன சொல்லணும்னு எழுதி வாங்கிக்கோங்க. குடி போற அன்னைக்கே சுவரு, குழாய் எல்லாம் வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பிருங்க, அட்வான்ஸ் திரும்ப வாங்கறப்ப அதுதான் சாட்சி. புக்கு லைப்ரரில எடுங்க, இல்ல பழைய எடிஷன் வாங்குங்க, அடிப்படை பாடம்னா ஓப்பன்ஸ்டாக்ஸ்ங்கற பாடப்புத்தக வெப்சைட்ல ஃப்ரீயாவே இருக்கு.

மாடிப்படி: ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், வாரக் கணக்க இன்னைக்கே போடுறேன். ஸ்காலர்ஷிப் லேட்டா வந்தா மட்டும் என்ன பண்றது?

கணக்குப்புள்ள: அதுக்குத்தான் ஒரு மாச வாடகைய தொடாம தனியா வைக்கணும். ஒரே மூச்சுல முடியலன்னா வாரத்துல மிச்சமாறத அதுல போட்டுட்டே வாங்க.