புதுப்பிப்பு: குளிரில் குறையாத நைத்திரேற்று

நுவரெலியாவில் நாங்கள் பார்க்கும் கழிவுநீர்த் தாங்கியில் தைக் குளிரோடு நைத்திரேற்று (தண்ணீரில் கரைந்திருக்கும் நைதரசன் உப்பு) குறைவது நின்றுவிட்டது என்று போன மாதம் எழுதியிருந்தேன். குளிர் தாங்கும் பற்றீரியா வாங்கி ஊற்றச் சொன்னீர்கள். வாங்கவில்லை. விடியற்காலை தண்ணீர் 11 பாகை; அந்தக் குளிரிலும் வேலை செய்யும் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா வகைகள் சேற்றிலேயே இருக்கக்கூடியவை. ஒட்சிசன் கிடைக்காத இடத்தில்தான் அவை நைத்திரேற்றைச் சுவாசித்து நைதரசன் வாயுவாக்கும்; அதற்கு உணவாகக் காபனும் வேண்டும். எங்கள் தாங்கியிலோ காற்று அதிகம், காபன் குறைவு. காற்றூதியைத் தள்ளிவைத்தோம், காபனுக்காக அளந்து சீனிக்கரைசல் விட்டோம். குளிரில் அவை மெதுவாகத்தான் பெருகும் என்பதால், சேற்றோடு அவையும் வெளியே போய்விடாதபடி சேறு இறைப்பதையும் குறைத்தோம்.

மூன்றாம் கிழமை சேற்றுக்குள்ளிருந்து பொடிப்பொடியாகக் குமிழி எழும்பியது. நைதரசன்! நைத்திரேற்று மிகுதியைக் காட்டும் சோதனைத் தாளின் கடுஞ்சிவப்பும் வெளிறிவிட்டது. சீனி யோசனை சொன்ன அண்ணாவுக்கு மனமார்ந்த நன்றி. இந்தத் தண்ணீர் போய்ச்சேரும் ஓடையில்தான் கீழே லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகள் குளிக்கிறார்கள்.