சேலம் குரும்பப்பட்டிப் பூங்கா பக்கம் முள்செடி, ஒரே பூவில் ரெண்டு நிறம்: என்ன செடிங்க?

கேள்வி: ஆள் உயரப் புதர். தொங்கும் பூவில் மேல்பாதி ரோஸ், நுனி மஞ்சள். இலை கருவேலம் மாதிரி பொடிசு. வேலிக்கருவையில் ஏதாவது வகையா? வீட்டு வேலிக்கு வைக்கலாமா?

பதில் 1: வேலிக்கருவை இல்லீங்க, அதன் பூ முழுக்க வெளிர்மஞ்சள். இது விடத்தேரை. பூவை மட்டும் நம்பாதீங்க, ரோஸ் நிறம் போகப்போக வெளுத்துடும். முள்ளைப் பாருங்க. கருவேலத்தில் முள் கணுவுக்கு ரெண்டாக இருக்கும். இதில் குட்டைக் கிளையின் நுனியே முள்ளாகக் கூர்ந்திருக்கும், அந்த முள்ளிலேயே இலையும் துளிர்த்திருக்கும்.

பதில் 2: அதேதான். காய் இருந்தால் சந்தேகமே வேண்டாம், முறுக்கிக்கொண்டு கொத்தாகக் கிடக்கும். ஒரே பூ மாதிரி தெரிவது உண்மையில் சின்னச் சின்னப் பூக்களின் கொத்து. ரோஸ் இழைகள் அதிலுள்ள மலட்டுப் பூக்களுடையவை. காய் பிடிப்பது மஞ்சள் பகுதியில் மட்டும்.

பதில் 3: வேலிக்கு அருமையான செடி, ஆடுகளும் இதன் காயை விரும்பித் தின்னும். ஆனால் வேரிலிருந்து பக்கக்கன்று கிளம்பும். வெட்ட வெட்ட இன்னும் அடர்த்தியாகும். சின்ன மனைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். கண்டிப்பாக வேணும்னா விதையைச் சுடுதண்ணீரில் போட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டு விதையுங்க. தோல் கெட்டி, அப்படியே போட்டால் சுலபத்தில் முளைக்காது.