ஜிஐ பில்லில் படிப்பதா? முதலில் மாதங்களை எண்ணுங்கள்

கேள்வி: கிரீன் கார்டில் அமெரிக்கா வந்து ஆறு மாதம் ஆகிறது. தம்பிக்கு 19 வயது. "ஆர்மியில் சேர்ந்தால் காலேஜ் இலவசம்" என்று ஒரு ரெக்ரூட்டர் சொன்னதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். அப்பா இந்திய ராணுவத்தில் 17 வருடம் இருந்தவர். அதற்கு இங்கே ஏதாவது சலுகை உண்டா என்று அவர் வேறு கேட்கிறார். விவரம் தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்களேன்.

பதில்: அப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். படையில் இருந்தவர்களின் படிப்புச் செலவை அமெரிக்க அரசு ஏற்கும் திட்டத்துக்குப் பெயர்தான் ஜிஐ பில். இந்திய ராணுவத்தில் இருந்ததற்கு அது கிடைக்காது. அது அமெரிக்கப் படையில் இருந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும்தான்.

தம்பி கிரீன் கார்டிலேயே சேரலாம். எச்1பி, எஃப்1 விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்து ஆசைப்பட வேண்டாம். நான் 2014இல் மாணவர் விசாவில் இருந்தபடியே, குறிப்பிட்ட மொழி தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்த்துக்கொண்ட மாவ்னி என்ற திட்டத்தில் சேர்ந்தவன். அவர்கள் கேட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. வீட்டில் அம்மாவோடு பேசிய தமிழுக்கு ஆர்மியில் பரீட்சை வைத்தார்கள்! 2016க்குப் பிறகு அந்த வழியில் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ரெக்ரூட்டர் சொன்னது பாதி உண்மை. போஸ்ட் 9/11 ஜிஐ பில் என்பது 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 36 மாதம் ஆக்டிவ் டியூட்டி (முழுநேரப் படைப்பணி) முடித்து, ஹானரபிள் டிஸ்சார்ஜும் (நற்பெயரோடு விடுவிப்பு) வாங்கினால் 100 சதவீதம். குறைந்தது 90 நாள் இருந்தால் 50 சதவீதத்தில் தொடங்கும், இடையில் படிப்படியாக ஏறும். இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். பகுதிநேரப் படைகளான நேஷனல் கார்டிலோ ரிசர்விலோ சேர்ந்து மாதம் ஒரு வார இறுதி பயிற்சிக்குப் போவது இந்தக் கணக்கில் வராது. ஆக்டிவ் டியூட்டி ஆணையில் இருந்த நாட்கள் மட்டுமே சேரும். "பார்ட் டைம் ஆர்மி, ஃபுல் காலேஜ்" என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டப்பிரிவில் என்று கேளுங்கள். 33 என்றால்தான் நான் சொல்வது. 1606 என்றால் அது ரிசர்வ், கார்டு ஆட்களுக்கான வேறு திட்டம், தொகையும் சிறியது.

சரி, கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையில் வருவது 36 மாதம், அதாவது ஒன்பது மாதக் கல்வியாண்டு நான்கு. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநிலத்தவருக்கான கட்டணம் முழுவதையும் விஏ (முன்னாள் படைவீரர் நலத்துறை) நேரடியாகக் கல்லூரிக்குக் கட்டும். அந்த மாநிலத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர் என்பதற்காக வெளி மாநிலக் கட்டணம் கேட்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. தனியார் கல்லூரிக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு, 2025-26க்கு 29,920.95 டாலர். மிச்சத்துக்கு யெல்லோ ரிப்பன் என்ற ஏற்பாடு: கல்லூரி ஒரு பங்கு விட்டுக்கொடுத்தால் அதே அளவு விஏவும் போடும். எத்தனை பேருக்கு, எந்தத் துறைக்கு என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சேரும் முன்னே கேட்டுவிடுங்கள்.

இப்போது மாதக் கணக்கு. ஒரு செமஸ்டருக்கு ஆயிரம் டாலர் கட்டணம் என்றாலும் சரி, பதினைந்தாயிரம் என்றாலும் சரி, முழுநேரம் படித்தால் கழிவது அதே நான்கு சொச்சம் மாதம்தான். என் யூனிட்டில் இருந்த ஒருவன் பெற்றோர் வீட்டில் தங்கி, கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடத்தை ஜிஐ பில்லிலேயே ஓட்டினான். ஜிஐ பில்லில் மாதாமாதம் தரும் வாடகைப்படி கையில் வந்ததால் நஷ்டமே தெரியவில்லை. ஆனால் அந்தக் காலேஜ் கட்டணத்துக்கு, வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு அரசு தரும் பெல் கிராண்டே போதுமாக இருந்திருக்கும். பின்னால் மூன்று வருடச் சட்டப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது அவனிடம் மிச்சம் 18 மாதம். கடைசி வருடம் கடனில்தான் முடிந்தது. ஜிஐ பில் இருக்கிறதே என்று, பெல் கிராண்ட் போன்ற உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவத்தை நிரப்பாமல் விடுகிறவர்கள் நிறைய. இரண்டும் சேர்ந்தே வரும், தம்பியை நிரப்பச் சொல்லுங்கள்.

வாடகைப்படி என்றேனே, அது இ-5 (சார்ஜண்ட் அளவிலான) நிலையில் குடும்பத்தோடு இருக்கும் ராணுவத்தாருக்கு, கல்லூரி இருக்கும் ஜிப் கோடில் என்ன கிடைக்குமோ அந்தத் தொகை. எல்லா வகுப்பும் ஆன்லைன் என்றால் தேசியச் சராசரியில் பாதி. ஒரு வகுப்பாவது நேரில் இருக்கும்படி எடுத்தால் உள்ளூர்த் தொகை. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. முழுநேரம் 12 கிரெடிட் என்றால், 6 எடுப்பவருக்கு வாடகைப்படி ஒரு டாலர்கூட வராது, ஏனென்றால் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். 7 எடுத்தால் 60 சதவீதமாகக் கணக்கிட்டுத் தருவார்கள். அந்த ஒரு கிரெடிட்டுக்கு ஒரு நீச்சல் வகுப்பு எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், டிகிரிக்குத் தேவையான வகுப்பாக இருக்க வேண்டும்.

பணம் மாதம் முடிந்த பிறகுதான் வரும். வகுப்பு ஆகஸ்ட் 25 தொடங்கினால் செப்டம்பர் ஆரம்பத்தில் வருவது ஏறக்குறைய ஒரு வாரத்துப் பணம். முழு மாதத் தொகையைப் பார்க்க அக்டோபர் ஆகிவிடும். அதுவும் கல்லூரியில் இருக்கும் சர்டிஃபையிங் அதிகாரி நேரத்துக்கு விஏவுக்குத் தகவல் அனுப்பியிருந்தால். என் முதல் செமஸ்டரில் செப்டம்பர் கடைசிவரை என் பெயர் போகவேயில்லை. இரண்டு மாத வாடகை கிரெடிட் கார்டில் போனது. அடுத்த செமஸ்டரிலிருந்து வகுப்பு பதிவு செய்த அன்றே அந்த அலுவலக வாசலில் போய் நின்றுவிடுவேன். செமஸ்டர் விடுமுறைக்கும் வாடகைப்படி கிடையாது. டிசம்பர், ஜனவரி இரண்டும் மெலிந்த மாதங்கள்.

அப்புறம், மாதாமாதம் "ஆமாம், படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று விஏவுக்கு உறுதி செய்ய வேண்டும். மெசேஜ் வரும், ஒரு பதில் போட்டால் போதும். நடுவில் ஒரு வகுப்பை விட்டால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும். விடுவதற்கு முன் அந்த அதிகாரியிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, என் கணவர் நேவியில் ஏழு வருடமாக இருக்கிறார். அவருடைய ஜிஐ பில்லை நான் பயன்படுத்தலாமா, மகளுக்கு வைக்கலாமா? மகளுக்கு நான்கு வயது.

பதில்: மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் அவர் பணியில் இருக்கும்போதே செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் கேட்டாலும் நடக்காது. ஆறு வருடம் முடிந்திருக்க வேண்டும், இன்னும் நான்கு வருடம் இருப்பதாகக் கையெழுத்திட வேண்டும். மில்கனெக்ட் தளத்தில் அவர் விண்ணப்பித்து அனுமதி வந்ததும், நீங்கள் 22-1990இ படிவம் போட வேண்டும்.

நீங்கள் உடனே படிக்கலாம். ஆனால் அவர் ஆக்டிவ் டியூட்டியில் இருக்கும்வரை உங்களுக்கு வாடகைப்படி கிடையாது. கட்டணமும், ஆண்டுக்கு அதிகபட்சம் 1,000 டாலர் புத்தகப் பணமும் வரும். மகளுக்கு அந்தத் தடை இல்லை. 26 வயதுக்குள் முடித்தாக வேண்டும். உங்களுக்கு வேலைக்கு உடனே ஒரு டிகிரி தேவை என்றால் நீங்களே எடுங்கள். வீட்டில் சம்பாதிப்பவர் இரண்டு பேராவது முதலில் நடக்கட்டும் என்பது என் எண்ணம்.

ஒன்று மட்டும் இப்போதே செய்யுங்கள். 36 மாதத்தையும் உங்கள் பெயரிலேயே போடாமல், மகளுக்கும் ஒரு மாதமாவது எழுதி வையுங்கள். பெயர் பட்டியலில் இருந்தால், அவர் நேவியை விட்டு வந்த பிறகும் மாதங்களைக் கூட்டிக் குறைத்து மாற்றலாம். புதிதாக ஒரு பெயரைச் சேர்ப்பது மட்டும் முடியாது. இன்னொரு குழந்தை பிறந்தால், ராணுவக் குடும்பத்தாரின் பதிவேடான டீர்ஸ் அமைப்பில் பதிவு செய்யும் அதே வாரத்தில் அதற்கும் ஒரு மாதம் போட்டுவிடச் சொல்லுங்கள்.