பிரிட்ஜெட் ரைலியின் வண்ணங்களுக்கு முன்னால்

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள ஹேவர்ட் கலைக்கூடத்தில், 2019 அக்டோபர் 23 முதல் 2020 ஜனவரி 26 வரை நடைபெற்ற பிரிட்டிஷ் பெண் ஓவியர் பிரிட்ஜெட் ரைலியின் தனிநபர் கண்காட்சியைக் கண்ட அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். எந்தப் பொருளையும் உருவமாகக் காட்டாத அரூப ஓவியத்தின் முன் நின்று "இதில் என்ன வரைந்திருக்கிறார்?" என்று கேட்டுவிட்டு, விடை கிடைக்காததால் நகர்ந்துவிடுபவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ரைலியின் ஓவியத்தில் பாதியை அவர் தீட்டுகிறார். மீதிப் பாதியைப் பார்ப்பவரின் கண் தீட்டிக்கொள்கிறது. அந்த மீதிப் பாதிக்கு நாம் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரைலி 1931-இல் லண்டனில் பிறந்தவர். கண்காட்சி நடந்தபோது அவருக்கு வயது 88. இரண்டாம் உலகப் போரின்போது தாயுடனும் தங்கையுடனும் கார்ன்வால் கடற்கரைப் பகுதியில் வளர்ந்த அவர், அலைகளிலும் பாறைகளிலும் ஒளி மாறிக்கொண்டே இருந்ததைப் பார்த்ததுதான் தம் கலைக்கு அடிப்படை என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதே காலத்தில் அவருடைய தந்தை ஜப்பானியரிடம் போர்க்கைதியாகச் சிக்கி, சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை அமைக்கும் வேலையில் தள்ளப்பட்டிருந்தார். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே பாதை அது என்பதால், இந்தச் செய்தியை அறிந்த பிறகு அவருடைய வாழ்க்கை எனக்கு அத்தனை தொலைவானதாகத் தோன்றவில்லை.

ஏறத்தாழ எழுபது ஆண்டு உழைப்பிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட படைப்புகள் வைக்கப்பட்டிருந்தன. பிரெஞ்சு ஓவியர் சூரா ஆற்றுப் பாலத்தை வரைந்த ஓவியம் ஒன்றை, நூலில் அச்சாகியிருந்த படத்தைப் பார்த்து 1959-இல் ரைலி தீட்டிய பிரதியும் அவற்றில் இருந்தது. புள்ளிபுள்ளியாக வண்ணங்களை அடுக்கினால் பார்ப்பவரின் கண்ணே அவற்றைக் கலந்துகொள்ளும் என்ற பாடத்தை அவர் அதிலிருந்துதான் கற்றார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கறுப்பு வெள்ளை ஓவியங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1961-இல் தீட்டிய 'சதுரங்களின் அசைவு' கட்டாயம் பார்க்க வேண்டியதே. சதுரங்கள் ஒடுங்கி ஒடுங்கி, பரப்பே ஒரு மடிப்புக்குள் விழுவதுபோல் இருக்கும். ஆனால் அங்கே கண் தடுமாறுகிறது என்ற ஒன்றையே பலரும் பேசிச் சிரித்து நகர்ந்துவிடுகிறார்கள். நான் ஏங்கிச் சென்றது வண்ணங்களுக்காக.

1967-இல்தான் ரைலி முழு வண்ணத்துக்கு வந்தார். அந்த ஆண்டின் 'கேடராக்ட் 3', அதாவது அருவி, ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர் சதுரம். மெல்லிய அலைக்கோடுகள் மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காக இறங்குகின்றன. சில பகுதிகளில் வெறும் சாம்பலாக இருக்கும் கோடுகள், சிறிது சிறிதாக நிறம் ஏறி, ஒருபுறம் செந்தூரச் சிவப்பாகவும் மறுபுறம் நீலப்பச்சையாகவும் வலுக்கின்றன. என்னுடன் வந்திருந்த அக்கா மகள் ஓவியத்தை நெருங்கிச் சென்று கூர்ந்து பார்த்துவிட்டு, "மாமா, பக்கத்தில் போனால் ரெண்டே நிறம்தான் இருக்கு. இங்கே நின்றால் இளஞ்சிவப்பு எங்கிருந்து வருது?" என்று கேட்டாள். நான் விடை சொல்வதற்குள் அவளே, "அம்மாவின் மயில்கழுத்துப் பட்டு மாதிரிதானே?" என்றாள். மிகச் சரியான ஒப்பீடு அது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நெசவாளர் எந்த நூலிலும் தோய்க்காத மூன்றாவது நிறம் புடவையில் மின்னும். ரைலியும் அந்த மூன்றாவது நிறத்தை எங்கும் பூசவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று பாதிப்பதால், இடையிலுள்ள வெள்ளையே நிறம் பெற்றதுபோல் ஒளிர்கிறது. கோடு அலையாக வளைவதால் அந்த ஒளிர்வு ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்தக் கட்டத்தில்தான், 1968-இல், இத்தாலியில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவான வெனிஸ் பியனாலேயின் பன்னாட்டு ஓவியப் பரிசு அவருக்குக் கிடைத்தது; அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

என்னை அதிக நேரம் பிடித்து நிறுத்தியவை ஆயத்த வரைவுகள். கிராஃப் தாள்களில் கட்டம் எண்ணிப் போட்ட வளைவுகள், கோவாஷ் எனும் அடர்த்தியான நீர்வண்ணத்தில் பூசிப் பார்த்த பட்டைகள், ஓரங்களில் பென்சில் குறிப்புகள் எனச் சிறுசிறு தாள்கள் அவை. ஒரே பச்சையை நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகிறது, சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகிறது என்று மீண்டும் மீண்டும் சோதித்திருக்கிறார். 1961 முதல் பெரிய ஓவியங்களை உதவியாளர்களே தூரிகை கொண்டு தீட்டுகிறார்கள் என்பதைக் கேட்டு, "அப்படியானால் அவர் என்ன செய்தார்?" என்று குறைபட்டுக்கொள்பவர்கள் இந்தத் தாள்களைப் பார்க்க வேண்டும். முடிவுகள் அனைத்தும் இங்கேதான் எடுக்கப்படுகின்றன. முழு அளவில் எழும் ஓவியம் அந்த முடிவுகளின் நிறைவேற்றம். கையெழுத்துபோல் தூரிகைத் தடத்தை விட்டுச்செல்வதே ஓவியரின் அடையாளம் என்ற எண்ணத்தை அவர் மனமறிந்தே விலக்கியிருக்கிறார். அதில் கர்வமில்லை, கட்டுப்பாடுதான் இருக்கிறது என்பது என் கருத்து.

1979-80 குளிர்காலத்தில் ரைலி எகிப்துக்குச் சென்று, கல்லறைச் சுவர்களில் பழங்காலக் கலைஞர்கள் வெகு சில நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு பல நூற்றாண்டுகள் தீட்டிவந்ததைக் கண்டார். ஊர் திரும்பியதும் சிவப்பு, மஞ்சள், நீலம், நீலப்பச்சை போன்ற அந்த நிறங்களை நினைவிலிருந்து கலந்து, நேர்க்கோட்டுப் பட்டைகளாக அடுக்கத் தொடங்கினார். வளைவைக் கைவிட்டதற்குக் காரணம் எளிது: வண்ணம் வலுக்கும்போது வடிவம் எளிமையாக இருந்தால்தான் வண்ணம் பேசும். பிறகு 1991-இல் தீட்டிய 'உயர்ந்த வானம்' போன்ற ஓவியங்களில், செங்குத்துப் பட்டைகளைச் சாய்கோடுகள் வெட்டிச் சிறுசிறு சாய்சதுரங்களாக உடைக்கின்றன. அவற்றின் முன் நிற்கும்போது ஒரு நிறம் முன்னால் வருகிறது, இன்னொன்று பின்வாங்குகிறது. சற்று நேரத்தில் அவை இடம் மாறிக்கொள்கின்றன.

2012-இல் உருவான 'ராஜஸ்தான்' நேரடியாகச் சுவரிலேயே தீட்டப்படும் ஓவியம். சிவப்பும் ஆரஞ்சும் பச்சையும் பெரிய வளைவுகளாகப் பரவ, சட்டம் இல்லாததால் கலைக்கூடத்தின் வெள்ளைச் சுவரும் ஓவியத்தின் ஒரு நிறமாகிவிடுகிறது. கண்காட்சி முடிந்ததும் சுவரை அழித்துவிடலாம். வேறோர் ஊரில், வேறொரு சுவரில் மறுபடி தீட்டலாம். ஓவியத்தைப் பொருளாகப் பார்க்காமல் இசைக்கலைஞரின் உருப்படிபோல் பார்க்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அண்மைக் காலத்து வட்டப் புள்ளி ஓவியங்கள் மட்டும் என்னை அதே அளவுக்கு ஈர்க்கவில்லை. மங்கலான ஊதாவும் பச்சையும் ஆரஞ்சும் கொண்ட அந்த வட்டங்கள் அமைதியாக இருக்கின்றன, ஆனால் 'கேடராக்ட்' செய்வதைச் செய்வதில்லை.

இவருடைய ஓவியங்களை நேரில் காணும் வாய்ப்பு உங்களில் யாருக்கேனும் அமைந்தால், படம் எடுப்பதை முதலில் தள்ளிப்போடுங்கள். கைப்பேசித் திரையில் அந்த மூன்றாவது நிறம் சரியாக வருவதில்லை. முதலில் கை எட்டும் தூரத்தில் நின்று, உண்மையில் எத்தனை நிறங்கள் பூசப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். அதன் பிறகு பின்னால் நகர்ந்துகொண்டே வாருங்கள். இல்லாத நிறம் எந்த இடத்தில் தோன்றத் தொடங்குகிறதோ, அங்கேயே நில்லுங்கள். அந்த இடம் ஒவ்வொருவருக்கும் சற்று வேறுபடும். என் அக்கா மகளுக்கு அது எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது.