மேட்டூரில் 100 அடி இருந்தால் குறுவை நெல் சாகுபடிக்கு இறங்கலாமா?

தலைஞாயிறு விவசாயி:
எங்களுடையது வெண்ணாற்றுப் பாசனத்தில் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். போர் போட்டால் உப்புத் தண்ணீர், ஆற்றை விட்டால் வேறு வழியில்லை. "அணையில் 100 அடி நிற்கிறது, மொத்தமே 120தானே, தைரியமாக நாற்று விடு" என்கிறார் அண்ணன். 2023-லும் இப்படித்தான் நம்பி இறங்கினோம், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்காலில் நண்டு வளைதான் தெரிந்தது. அடியை வைத்துக் கணக்குப் போடலாமா?

கொளத்தூர்க்காரன்:
அடியைப் பார்க்காதீர்கள் தம்பி, டி.எம்.சி.யைப் பாருங்கள், ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி தண்ணீர். அணை கிண்ணம் மாதிரி, மேலே போகப் போகத்தான் அகலம். 120 அடிக்கு 93.47 டி.எம்.சி., 100 அடிக்குச் சுமார் 65, 60 அடிக்கு வந்தால் 25 சொச்சம்தான். பாதி உயரம் இருக்கும், தண்ணீர் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதிலும் 1934-ல் கட்டிய அணை, அடியில் வண்டல் வேறு. தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயில் நந்தி வெளியே வந்துவிடும், நாங்கள் தினமும் பார்ப்பது அதைத்தான்.

பாசனக் கணக்கு:
கொளத்தூர் அண்ணன் சொன்னதோடு செலவையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க நொடிக்கு 10,000 கன அடி விட்டால் 0.86 டி.எம்.சி. காலி. 65 டி.எம்.சி.யையும் துடைத்து எடுத்தாலும் 75 நாள்தான் வரும், குடிநீருக்கு வேறு நிறுத்த வேண்டும், குறுவைக்கோ 110 நாள் வேண்டும். மீதியை வரத்துதான் கொடுக்க வேண்டும். 2023-ல் ஜூன் 12 அன்று 103 அடியில் திறந்தார்கள், வரத்து இல்லாமல் அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். 2024-ல் வழக்கமான ஜூன் 12-க்குத் திறக்கவே முடியவில்லை, அப்புறம் கர்நாடகத்து அணைகளான கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி, ஜூலை 28-ல் திறந்து, 30-ம் தேதி 120 அடியே ஆகிவிட்டது! அதனால் கபினிக்குத் தண்ணீர் தரும் வயநாட்டு மழையையும், கர்நாடகத் தண்ணீரை அளக்கும் எல்லை இடமான பிலிகுண்டுலுவின் அளவையும் கவனியுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2018 காவிரித் தீர்ப்புப்படி அங்கே ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 டி.எம்.சி. வர வேண்டும்.

திருத்துறைப்பூண்டி அக்கா:
மேட்டூரில் திறந்து கல்லணைக்கு வரவே மூன்று நாள், நம் வாய்க்காலுக்கு இன்னும் எத்தனையோ நாள். முறை வைத்து விட்டால் முதலில் காய்வதும் நாம்தான். போர் இல்லாத நிலத்தில் குறுவை வேண்டாம் தம்பி. சம்பாவுக்கு நேரடி விதைப்பு செய்யுங்கள், வாய்க்காலை இப்போதே தூர் வாரச் சொல்லி மனு கொடுங்கள்.

தலைஞாயிறு விவசாயி:
சரிக்கா. நாற்றுக்கு வாங்கின விதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சம்பாவுக்கான சி.ஆர். 1009 ரக விதை கிடைக்கிறதா என்று நாளைக்கே கேட்கிறேன்.